சாலை முடிந்த பிறகு வரும் மேடை: வெட்டவெளிச் சிறுவிழாக்களில் மின்னணு இசை வாசித்த அனுபவம்

பெரிய இசைவிழா ஒன்றில் வாசிப்பதற்கும், தார்ச்சாலை முடிந்து மண்பாதையில் வெகுதூரம் சென்ற பிறகு வரும் ஒரு புல்வெளியில் நூற்றைம்பது பேர் கூடும் சிறுவிழாவில் வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு கூட்டத்தின் அளவு மட்டுமன்று. பெரிய விழாவில் மின்சாரத்துக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், மேடைக்கு ஒருவர் என்று பொறுப்புகள் பிரிந்திருக்கும்; கலைஞர் தம் கருவிகளை மேசையில் வைத்து இரண்டு கேபிள்களைக் கொடுத்தால் போதும். சிறுவிழாவில் அந்தப் பொறுப்புகளில் பாதியை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். மீதிப் பாதியை இரண்டு நாள் தூங்காத ஒருவரே சுமந்துகொண்டிருப்பார். நான் டிரம் மெஷின் (தாளம் போடும் கருவி), சிந்தசைசர் (மின்சாரத்தால் ஒலிகளை உருவாக்கும் கருவி), சாம்ப்ளர் (பதிவுசெய்த ஒலித்துண்டுகளை வாசிக்கும் கருவி) ஆகியவற்றை மேடையிலேயே இயக்கி வாசிப்பவன்; ஆயினும் இங்கே சொல்வனவற்றுள் பெரும்பாலானவை டிஜேக்களுக்கும் பொருந்தும். மலைச்சரிவுகளிலும் காட்டு வெளிகளிலும் வாசித்துப் பழகியதில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: அறைக்குள் உருவாக்கிய இசையை அப்படியே வெளியே தூக்கிச் செல்ல இயலாது. அந்த இடத்தின் காற்றையும் குளிரையும் மின்சாரத்தையும் கணக்கிட்டு, கருவிகளையும் இசையையும் வீட்டிலேயே குறைத்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

அழைப்பு வந்தவுடன் ஊதியத்துக்கு முன்பாக நான் கேட்பவை சில உண்டு. மேடைக்கு மேலே கூரை இருக்கிறதா, ஜெனரேட்டரின் திறன் எவ்வளவு, அது மேடையிலிருந்து எத்தனை மீட்டர் தொலைவில் நிற்கிறது, வாகனம் மேடை வரை வருமா அல்லது பெட்டிகளைச் சுமந்து நடக்க வேண்டுமா, ஒலிக்குப் பொறுப்பானவர் இரவு முழுவதும் அங்கே இருப்பாரா என்பவையே அவை. இவற்றுக்கு அமைப்பாளர் தரும் விடைகளைவிட, விடை சொல்லும் விதம் எனக்கு அதிகம் சொல்லிவிடுகிறது. ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டதும் அதன் திறனைத் தயங்காமல் சொல்பவர் மற்றவற்றையும் யோசித்திருப்பார். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவரின் விழாவுக்கும் நான் போவதுண்டு, ஆனால் எல்லாவற்றையும் நானே கொண்டுபோகிறேன். அலைபேசித் தொடர்பு இல்லாத இடமாக இருந்தால், வழியையும் சந்திக்க வேண்டியவரின் பெயரையும் என் நேரத்தையும் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். மென்பொருள் உரிமத்தை இணையத்தில் சரிபார்க்கச் சொல்லி மடிக்கணினி கேட்கக்கூடிய எதையும் முந்திய வாரமே முடித்துவிட வேண்டும். பயணத்துக்கு முந்திய நாள் எந்தப் புதுப்பித்தலையும் ஏற்கக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தொலைதூர விழாக்களில் நான் கண்ட சிக்கல்களுள் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கின. ஜெனரேட்டர் இரைச்சல் கேட்காதபடி அதைத் தொலைவில் வைப்பது இயல்பு. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் கூடாரங்களிலிருந்து விலக்கி வைப்பது கட்டாயமும்கூட. ஆனால் தொலைவு கூடும்போது மின்னழுத்தம் குறைகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கொண்ட கேபிளை 100 மீட்டர் இழுத்து 10 ஆம்பியர் எடுத்தால், போய்வரும் இரு கம்பிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 23 வோல்ட் இழப்பு ஏற்படும். 230 வோல்ட் புறப்பட்டால் மேடைக்கு 207 வோல்ட்தான் வரும். அதே தொலைவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் இழப்பு 14 வோல்ட்டாகக் குறைகிறது. கிக் ஒலி (‘தும்’ என்ற தாழ்ந்த டிரம் அடி) விழும் ஒவ்வொரு முறையும் மேடை விளக்குகள் மங்குவதைப் பார்த்தால், தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கிகளாகிய சப்ஊஃபர்களும் விளக்குகளும் உங்கள் கருவிகளும் ஒரே மெலிந்த கேபிளில் தொங்குகின்றன என்று பொருள். கேபிளைச் சுருளிலேயே விட்டு ஒரு முனையை மட்டும் இழுத்திருந்தால் அது சூடேறி உருகவும் கூடும். சுருளை முழுவதும் பிரித்துப் போடச் சொல்லுங்கள், மறுத்தால் நீங்களே பிரித்துப் போடுங்கள்.

இதற்கு நான் கண்ட தீர்வு எளியது. ஒலிபெருக்கிகளுக்குத்தான் பல கிலோவாட் தேவை. ஒரு டிரம் மெஷின், ஒரு சிந்தசைசர், ஒலிகளைக் கலக்கும் சிறிய மிக்சர் மூன்றும் சேர்ந்து 60 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே என் மேசைக்கென்று 500 வாட்-மணி அளவுள்ள பேட்டரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோகிறேன்; பேட்டரி மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் ஏழு மணி நேரம் அது தாங்குகிறது. ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கம் என் கருவிகளைத் தொடுவதே இல்லை. ஒலிபெருக்கி அமைப்புக்குச் செல்லும் இணைப்பை மின்மாற்றி உள்ள டிஐ பெட்டி (கருவியை ஒலி அமைப்போடு இணைக்கும் சிறு பெட்டி) வழியாகக் கொடுப்பதால், வெவ்வேறு எர்த் புள்ளிகள் சேர்வதால் எழும் ‘ஹம்’ என்ற ரீங்காரமும் வருவதில்லை. இந்த ரீங்காரத்தை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் முனையை டேப் சுற்றி மறைக்கும் பழக்கத்தைச் சில மேடைகளில் பார்த்திருக்கிறேன். பனியில் நனைந்த புல்லின் மேல் வெறுங்காலோடு நின்று உலோக உடல் கொண்ட கருவிகளைத் தொடும் இடத்தில் அது உயிரோடு விளையாடுவதாகும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்சிடி பாதுகாப்பு மேடைக்கான இணைப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நான் பெட்டியைத் திறக்கிறேன்.

காட்டை ஒட்டிய ஒரு விழாவில், எனக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்த பெண்ணின் செட் (ஒருவர் தொடர்ந்து வாசிக்கும் பகுதி) நடுவில் எரிபொருள் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுபோனது. சூடான எந்திரத்தில் எரிபொருள் ஊற்றக் கூடாது என்பதால் அது ஆறும்வரை காத்திருந்தார்கள். மீண்டும் மின்சாரம் வந்தபோது ஆம்ப்ளிஃபையர்கள் நிறுத்தப்படாமலே இருந்தன. கருவிகள் உயிர்பெற்ற அதிர்ச்சி முழு ஒலியில் ஸ்பீக்கர்கள் வழியே வெடித்தது. அவருடைய டிரம் மெஷினோ சேமிக்கப்படாத தாள வடிவங்களை இழந்து வெற்றுத் திரையோடு விழித்தது. அவர் பதறவில்லை, அதிலேயே கிக்கையும் ஹைஹாட் என்னும் தாளத்தட்டு ஒலியையும் புதிதாக நிரப்பிக்கொண்டே இருபது நிமிடம் வாசித்தார், அன்றைய இரவின் சிறந்த பகுதியே அதுதான் என்பது என் கருத்து. ஆனாலும் அந்தத் திறமை எல்லார்க்கும் எல்லா இரவும் கைகொடுக்காது. மின்சாரம் போனால் முதலில் ஆம்ப்ளிஃபையர்களை நிறுத்த வேண்டும், வந்ததும் அவற்றைக் கடைசியில் போட வேண்டும் என்பதை ஒலிக்குப் பொறுப்பானவரோடு முன்பே பேசி வைத்துக்கொள்வதும், எரிபொருள் நிரப்பும் நேரத்தை இரு செட்களுக்கு இடையே வைக்கச் சொல்வதும், கருவி இயங்கத் தொடங்கும்போது எந்தக் கோப்பைத் திறக்கும் என்பதை வீட்டிலேயே மின்சாரத்தைப் பிடுங்கிச் சோதிப்பதும் அன்றிலிருந்து என் வழக்கமாயின.

அடுத்தது ஈரம். மழைக்கு எல்லாரும் தயாராக வருகிறார்கள். பனிக்குத் தயாராக வருபவர் குறைவு. மேகமற்ற இரவில் திறந்தவெளியில் உள்ள பொருள்கள் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. அவற்றின் மேல் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. மழை பெய்யாத இரவிலும் மேசைக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: மேலே மறைப்பு இருந்தால் அந்த வெப்ப இழப்பு குறைந்து பனிப்படிவும் பெருமளவு குறைகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் கருவி தானே சற்றுச் சூடாக இருப்பதால் அதன் மேல் பனி எளிதில் படியாது. என் முறைக்கு முன்னரே கருவிகளை இயக்கி, துணி போர்த்தி வைத்துவிடுகிறேன். அனலாக் (டிஜிட்டல் அல்லாத மின்சுற்றுகளால் ஒலிக்கும்) சிந்தசைசர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒலியை உருவாக்கும் அவற்றின் ஆஸிலேட்டர்கள் வெப்பநிலைக்கு ஏற்பச் சுருதி விலகுபவை. அரை மணி நேரமாவது சூடேறிய பிறகே நிலைகொள்ளும், அப்போதும் குளிர்காற்று ஒன்று வீசினால் மறுபடி நகரும். பாடகரோ வேறு சுருதிக் கருவியோ உடன் இருக்கும் செட் என்றால், நான் டிஜிட்டல் சிந்தசைசரையே எடுத்துச் செல்கிறேன். தூய்மைவாதிகள் மன்னிப்பார்களாக.

பகலில் சிக்கல் தலைகீழாகிறது. ஆப்பிள் நிறுவனம் தன் மேக்புக் கணினிகளுக்குக் குறிப்பிடும் இயக்க வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். நண்பகல் வெயிலில் கிடக்கும் கணினி அந்த எல்லையைத் தாண்டுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. அது உடனே நின்றுவிடாது, சூட்டைக் குறைக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் ஒலி விட்டுவிட்டு வரத் தொடங்கும். குளிரின் பக்கமும் ஓர் எல்லை இருக்கிறது: லித்தியம்-அயான் பேட்டரியைச் சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும் என்பதால், மலை உச்சிகளில் பேட்டரிப் பெட்டியை இரவு முழுவதும் போர்வைக்குள் வைத்திருப்பது நல்லது. தொடுதிரையை மட்டுமே நம்பிய கருவிகளை நான் வெளியே கொண்டுபோவதில்லை. ஈரவிரலுக்கும் கையுறைக்கும் அவை கட்டுப்படுவதில்லை, வெயிலில் திரையும் தெரிவதில்லை. குமிழ்களும் பொத்தான்களும் இருட்டிலும் கைக்குத் தெரியும். இருட்டைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: நெற்றியில் கட்டும் விளக்கில் சிவப்பு ஒளி இருப்பதாக வாங்குங்கள். வெள்ளொளியைப் பார்த்த கண் மீண்டும் இருளுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். தவிரவும் வெள்ளையும் நீலமும் பூச்சிகளை அழைக்கும், சிவப்பு அவ்வளவாக அழைக்காது.

இனி ஒலிக்கு வருகிறேன். அறைக்குள் ஒலியை உருவாக்குபவர் எல்லாரும், தாம் அறியாமலே, அறையின் சுவர்களிடம் கடன் வாங்குகிறார்கள். சுவர்கள் தாழ்ந்த அலைவரிசைகளைத் திருப்பி அனுப்பிப் பேஸைப் பெருக்குகின்றன. ஒவ்வொரு ஒலிக்கும் சிறிது எதிரொலியைச் சேர்த்து இடைவெளிகளை நிரப்புகின்றன. வெட்டவெளியில் அந்தக் கடன் கிடைப்பதில்லை. தடையற்ற வெளியில் தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் 100 டெசிபல் என்றால் எட்டு மீட்டரில் 82, பதினாறில் 76. வீட்டில் நெஞ்சில் அறைந்த கிக், புல்வெளியில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஒலிப்பதைக் கேட்டு முதன்முறை வருபவர்கள் திகைத்துப்போவார்கள். உடனே மிக்சரில் பேஸை முறுக்கி ஆம்ப்ளிஃபையரின் எஞ்சிய திறனையும் தின்றுவிடுவார்கள்.

அதற்கு மாறாகச் செய்யக்கூடியவை பல. சிறுவிழாக்களின் சப்ஊஃபர்களுள் பல 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றையும் தருவதில்லை. ஆகவே 35 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டி நீக்கிவிட்டால் ஆம்ப்ளிஃபையரின் திறன் வீணாகாமல் கேட்கக்கூடிய பேஸுக்குப் போகும். தூய சைன் அலையாக உள்ள பேஸ் வரிக்குச் சற்றுச் சாச்சுரேஷன் (ஒலியை மெல்லச் சிதைக்கும் விளைவு) கொடுத்து மேலோசைகளைச் சேர்த்தால், அடிப்படை ஒலியை ஸ்பீக்கர் தராவிட்டாலும் காது அதைத் தானே ஊகித்துக்கொள்கிறது. 1980-இல் வெளிவந்த ரோலண்ட் டிஆர்-808 கருவியின் நீண்டு ஒலிக்கும் கிக்கைவிட, 1983-இல் வந்த டிஆர்-909-இன் குறுகிய, முனையுள்ள கிக் வெளியில் நன்றாகப் போய்ச் சேர்கிறது. நான் இரண்டின் மாதிரிகளையும் சாம்ப்ளரில் வைத்திருந்து, அந்த இடத்தில் எப்படி ஒலிக்கிறது என்று கேட்ட பிறகு தேர்கிறேன். மேடையின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பிரித்து வைக்கப்பட்ட இரு சப்ஊஃபர்களை நடுவில் அருகருகே வைக்கச் சொல்லிப் பாருங்கள். பிரிந்திருக்கும்போது அவற்றின் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்து, நடுவில் மட்டும் ஒரு பட்டையாகப் பேஸைக் குவிக்கின்றன. சேர்த்து வைத்தால் இரண்டும் ஒன்றாக இயங்கி, களம் முழுவதும் சீராகக் கேட்கிறது. இது செலவில்லாத மாற்றம், இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் போதும்.

ரீவெர்ப் (செயற்கையாகச் சேர்க்கும் அறை முழக்கம்) விஷயத்தில் வீட்டுப் பழக்கம் நேர்மாறாக ஏமாற்றும். அறையில் போதுமானதாகத் தோன்றிய ரீவெர்ப் வெளியில் இல்லவே இல்லை என்று தோன்றும். ஒவ்வொரு ஒலியும் முடிந்த கணத்தில் முற்றாக நின்றுவிடும். டிலேயும் (ஒலியைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கச் செய்யும் விளைவு) ரீவெர்பும் வழக்கத்தைவிடத் தாராளமாக வேண்டும், அவற்றை மாற்றும் குமிழ் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டும். இடவல ஸ்டீரியோ வேலைப்பாடுகளை நான் அநேகமாகக் கைவிட்டுவிட்டேன்: கூட்டத்தில் நடுவில் நிற்பவர் சிலரே, மற்றவர்களுக்கு ஒரு பக்கத்து இசை மட்டுமே கேட்கும். காலத்தாமதத்தையும் மறக்கக் கூடாது. 20 டிகிரி காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது. நிமிடத்துக்கு 120 துடிப்புள்ள தாளத்தில் பதினாறில் ஒரு பங்கு சுரத்தின் (ஒரு துடிப்பின் கால்பகுதி) நீளம் 125 மில்லிநொடி, அதாவது ஏறத்தாழ 43 மீட்டர். அவ்வளவு தொலைவில் கூடார வாசலில் அமர்ந்து கேட்பவருக்கு நீங்கள் வாசிப்பது ஒரு பதினாறாம் சுரம் பிந்தியே சேருகிறது. எதிரே உள்ள பாறையில் பட்டு மேடைக்குத் திரும்பிவரும் ஒலியை நம்பி டிரம்மைத் தட்டினால் தாளம் குலைந்துவிடும். மேசைக்கு அருகில், வாசிப்பவர் தாமே கேட்பதற்கான ஒரு மானிட்டர் ஸ்பீக்கரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இல்லையெனில் ஹெட்போனை மட்டும் நம்பி வாசியுங்கள்.

இவ்வளவையும் கருதித்தான் எதை வீட்டில் விட்டுச் செல்வது என்று முடிவெடுக்கிறேன். தனித்தனி அலகுகளை இணைத்து அமைக்கும் பெரிய மாடுலர் சிந்தசைசர் பெட்டி வீட்டிலேயே இருக்கிறது. நிகழ்ச்சியில் எந்த ஒரு கருவி நின்றாலும் எஞ்சியவற்றைக் கொண்டு அரை மணி நேரம் ஓட்ட முடியுமா என்பதே என் அளவுகோல். முடியாது என்றால் அந்த ஏற்பாடு காட்டுக்கு உரியதன்று. எல்லாக் கருவிகளுக்கும் தாள ஓட்டத்தை ஒரே கணினியிலிருந்து மிடி (இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறை) வழியாகக் கொடுப்பது வசதிதான், ஆனால் அந்தக் கணினி உறைந்தால் எல்லாமே உறைந்துவிடும்; டிரம் மெஷினையே தலைமைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதைப் பின்தொடரச் செய்வது பாதுகாப்பானது. டிஜேக்கள் தம் இசைக்கோப்புகளை இரண்டு யுஎஸ்பி குச்சிகளில் எடுத்துப் போவதும், பழைய பிளேயர்களும் படிக்கும் ஃபேட்32 வடிவில் அவற்றை அமைப்பதும் இதே கொள்கையின்பாற்பட்டவை. கேபிள்களில் ஒவ்வொரு வகைக்கும் ஒன்று கூடுதல். கேபிள்களை ஒட்டிவைக்கும் காஃபர் டேப் ஒரு முழுச் சுருள். சரிவில் மேசையை நிமிர்த்த மரத்துண்டுகள். புழுதி நிலமாக இருந்தால் ஒரு மெல்லிய தூரிகையும் நனைத்த துணியும் வேண்டும். ஒலியளவை மாற்றும் நகர்த்திகளான ஃபேடர்களுக்குள் நுழையும் மண் அன்றே துடைக்கப்படாவிட்டால் பிறகு வெளியேறுவதில்லை.

வாசிக்கும் நேரம் குறிப்பிட்டபடி வராது. ஒரு மணி நேரம் என்று ஒப்புக்கொண்டால், நாற்பது நிமிடத்துக்கும் மூன்று மணி நேரத்துக்கும் உள்ளதைக் கொண்டுபோக வேண்டும்; அடுத்தவர் சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கக்கூடும். கேட்பவர்கள் கூடத்தில் உள்ளவர்களைப் போல் மேடையைப் பார்த்து நிற்பதில்லை. பாதிப்பேர் நெருப்பைச் சுற்றியும் கூடாரத்துக்குள்ளும் இருந்தபடியே உங்கள் செட்டை முழுவதும் கேட்கிறார்கள், விரும்பினாலும் அதிலிருந்து தப்ப அவர்களுக்கு வழியில்லை. ஆகவே நள்ளிரவில் நிமிடத்துக்கு 130 துடிப்பை ஒட்டி ஓட்டும் நான், விடியலை நோக்கிய நேரத்தில் 115-க்கு இறங்கி, கிக்கை நீக்கிவிட்டு நெடுநேரம் செல்லவும் தயங்குவதில்லை. இரவின் மிகக் குளிர்ந்த பொழுது சூரிய உதயத்தை ஒட்டியே வருகிறது. அப்போது ஆடுபவர்கள் சூடு வேண்டித்தான் ஆடுகிறார்கள், அவர்களைத் திடீரென நிற்க வைக்கக் கூடாது என்பதும் ஒரு கணக்கு.

தெளிந்த, காற்றசையாத இரவுகளில் இன்னொன்றும் நடக்கிறது. தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால், வெதுவெதுப்பான மேற்பகுதியில் வேகமாகச் செல்லும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கு இறங்குகிறது. பகலில் அடுத்த மேட்டைத் தாண்டாத பேஸ், இரவில் பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீட்டின் படுக்கையறையை எட்டுகிறது. யாரும் இல்லாத இடம் என்று அமைப்பாளர் சொல்வதை நான் அப்படியே ஏற்பதில்லை. ஸ்பீக்கர்கள் எந்தத் திசையை நோக்குகின்றன, அந்தத் திசையில் அருகிலுள்ள குடியிருப்பு எது என்று கேட்கிறேன். பிரிட்டனில் 1992 மே மாதம் காசில்மோர்டன் பொதுவெளியில் நாள்கணக்கில் நீண்ட அனுமதியற்ற இசைக்கூடல் எழுப்பிய கொந்தளிப்பு, மீண்டும் மீண்டும் வரும் துடிப்புகளைக் கொண்ட இசையையே வரையறையில் குறிப்பிடும் 1994-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டம் வரை சென்றது. இந்த இசைவகை அக்கம்பக்கத்தாரின் பொறுமையை நம்பித்தான் வெளியில் நடக்கிறது. இரவு ஏற ஏறச் சப்ஊஃபர்களைச் சில டெசிபல் குறைப்பதை ஆடுபவர்களுள் அநேகர் கவனிப்பதே இல்லை, தொலைவில் உறங்குபவர் கவனிப்பார்.

மேடைக்கு அருகிலேயே இரவு முழுவதும் இருப்பவர் தம் காதையும் நினைக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வகுத்த தரம், 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபலை மேல்வரம்பாகச் சொல்கிறது. திறந்தவெளியில் ஒலி குறைவாகத் தோன்றுவதால் மானிட்டரை ஏற்றிக்கொண்டே போவது எளிது. இசைக்கலைஞர்களுக்கென்று எல்லா அலைவரிசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் காதடைப்பான்கள் கிடைக்கின்றன; பஞ்சை உருட்டி வைப்பதால் உயர் ஒலிகள் மட்டுமே மங்கும், ஆபத்து அவ்வளவாகக் குறையாது.

முடிந்த பிறகு செய்ய வேண்டியவை இரண்டு. குளிர்ந்த கருவிகளை வெதுவெதுப்பான வண்டிக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுபோனவுடன் திறந்தால், காற்றின் ஈரம் அவற்றின் உள்ளே நீராகப் படியும். மூடிய பெட்டியிலேயே சில மணி நேரம் விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்து, கேபிள்கள் உட்பட எல்லாவற்றையும் ஒரு நாள் காயவிட்டு, அதன் பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். மற்றொன்று வீடு திரும்புதல். விடியற்காலை செட் முடித்தவர் காதில் இரைச்சலும் உடலில் உற்சாகமுமாக, தூக்கம் வரவில்லை என்று சொல்லி நேரே ஸ்டீயரிங்கைப் பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த உற்சாகம் மண்பாதை முடிந்து நேரான சாலை தொடங்கும் இடத்தில் வடிந்துவிடும். வரும்போதே கூடாரமும் படுக்கையும் எடுத்து வாருங்கள், மறுநாள் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வாருங்கள், நண்பகல் வரை உறங்கிவிட்டுப் புறப்படுங்கள்.